ஹெட்டுக்கு அடியில் ஒரு துணி

இறந்தவரின் இரண்டு கண்களுக்கும் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனரைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு அவருடைய மகன்கள் குத்தாலம் கடைத்தெருவுக்கு வந்தபோது பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஐப்பசித் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூத்தவர் பேனரைக் கடை வாசலில் விரித்துப் போட்டார்.

"இதுதான் எங்கப்பா மூஞ்சியா பாய்? சொல்லுங்க. கண்ணக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. வந்தவன் போனவனெல்லாம் கேக்குறான்."

கடைக்காரன் ஃபாஜில் குனிந்து பேனரைப் பார்த்தான். நூல் பிடித்ததுபோல் நேரான கோடு. அடுத்த கோடு மீசையில். அதற்கடுத்தது மாலையில். "மாத்தி அடிச்சித் தர்றேண்ணே. சாயந்தரத்துக்குள்ள கம்பத்துல இருக்கும்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினான்.

உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் குணசேகரன் கையுறையோடு நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து நீதான அடிச்ச?"

"நாந்தான் பாய். அடிக்கையில நல்லா வந்துச்சு. பாதியில கரண்டு போயி, திரும்ப வந்ததும் கருப்பு ஹெட்டு விட்டுவிட்டு வந்திருக்கும்போல. ராத்திரி வெளிச்சத்துல கவனிக்கல."

"கவனிக்கல" என்று ஃபாஜில் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னான்.

ஃபாஜில் குவைத்தில் லாரி ஓட்டிச் சம்பாதித்ததைக் கொண்டுவந்து ஆரம்பித்த கடை அது. சொந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஃபிளெக்ஸ் மெஷின். மாடியில் அவனும் மனைவி நஃபீசாவும் ஒன்றாம் வகுப்புப் போகும் மகள் ஷமீராவும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், நாகூர் தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் பேனர் வைக்க ஊர் பழகிவிட்டிருந்தது. மெஷினை ஓட்டத் தெரிந்த ஆள் மட்டும் ஊரில் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பையன் குணசேகரன் திருப்பூரில் அந்த வேலை பார்த்துவிட்டு, தகப்பன் இறந்தபின் குத்தகை நிலத்தையும் தாயையும் பார்க்க ஊரோடு வந்திருந்தான். ஃபாஜில் அவனைத் தேடிப் போய்க் கூட்டிவந்தான்.

மெஷினில் நான்கு ஹெட்டுகள். கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக இருக்கும். அதன் வழியாகத்தான் மை சீறும். மை காய்ந்தால் துளை அடைக்கும். அடைத்த இடம் பேனரில் வெள்ளைக் கோடாக விழும். அதனால் காலையில் கடை திறந்ததும் குணசேகரனுக்கு முதல் வேலை ஹெட்டுதான். கொஞ்சம் மையை அழுத்தி வெளியே தள்ளுவான். மையைக் கரைக்கும் சொல்யூஷனில் நனைத்த, நூல் பிரியாத துணியை ஒரே திசையில் மெதுவாக இழுத்துத் துடைப்பான். பிறகு ஒரு சோதனைத் தாள். அப்படியும் வழிக்கு வராத ஹெட்டுக்கு ஊசியில்லாத சிரிஞ்சியில் குழாய் மாட்டி, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி சொல்யூஷனைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவான். வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கிற மெல்லிய தகடு கிழிந்து ஹெட்டே போய்விடும். ஒரு ஹெட்டு போனால் அந்த மாதத்துச் சம்பாத்தியம் மொத்தமும் போனதுபோல.

கடை சாத்தும்போது இன்னொரு வேலை. நான்கு ஹெட்டுகளையும் ஓரத்தில் நிறுத்தி, சொல்யூஷனில் ஊறிய துணி வைத்த தட்டை அடியில் கொடுத்து விடுவான். காலைவரைக்கும் துளைகள் ஈரத்திலேயே இருக்கும். அந்தச் சொல்யூஷனுக்கு ஒரு வாடை உண்டு. பெயிண்டும் அழுகிய வாழைப்பழமும் கலந்த மாதிரி. கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஃபாஜிலுக்குப் பழகிவிட்டது.

கந்தூரி வேலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் கருப்பு ஹெட்டு அடைக்க ஆரம்பித்தது. ஒருநாள் அடைக்கும், அடுத்த சில நாள் ஒழுங்காக ஓடும், மறுபடி அடைக்கும். பிறகு நீலமும் சேர்ந்துகொண்டது.

நாகூரில் பாத்திரக்கடை வைத்திருந்த நஃபீசாவின் அண்ணன் மீரா உசேன் ஒருநாள் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடிக்குப் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மாப்ள, மெஷினு தானாக் கெடுறதுன்னா தினம் கெடணும். நெனச்சா கெடுது, நெனச்சா ஓடுதுன்னா அது மெஷினு வேல இல்ல. மனுசன் வேல."

"யாரச் சொல்றீங்க மச்சான்?"

"நான் யாரையும் சொல்லல. பஸ் ஸ்டாண்டுகிட்ட வைரக்கண்ணு புதுசா மெஷினு எறக்குறாராமே. அவருக்கு ஆளு வேணும்ல?"

நஃபீசா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "அந்தத் தம்பி அப்படிப்பட்டவன் இல்லண்ணே" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஃபாஜில்.

அவள் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஃபாஜிலின் கண் குணசேகரனின் முதுகிலேயே இருந்தது. டீக்கடையில் அவன் வைரக்கண்ணுவோடு பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தான். சிரித்துப் பேசினானா, தலையை ஆட்டினானா என்று நினைவில் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். கடைச்சாவியைக் குணசேகரனிடமிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டான். மை பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்த்தான். எதை முகர்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.

குணசேகரனுக்கும் புரிந்துவிட்டது. அவனுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் சொல்யூஷன் கேனைக் கையில் தூக்கிக்கொண்டே கேட்டான்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. சொல்யூஷன மாத்துனீங்களா? பெயிண்ட் கடைத் தின்னரு எதுவும் கலந்தீங்களா?"

"எதுக்குக் கேக்குற?"

"காலையில வந்து பாத்தா சில நாளு துணி மொடமொடன்னு கெடக்கு. நல்ல சொல்யூஷன்னா இந்த மழக்காலத்துல ஒரு ராத்திரியில அவ்ளோ காயாது. மட்டமான சரக்குதான் பறந்துடும்."

"நான் மட்டச் சரக்கு வாங்குறவனா?"

"அப்படிச் சொல்லல பாய்."

"வேற எப்படிச் சொன்ன?"

அன்று மத்தியானம் வழக்கம்போல் மாடியிலிருந்து குணசேகரனுக்குச் சாப்பாடு இறங்கியது. தட்டு மூடியைத் திறந்து பார்த்தான் ஃபாஜில். கொடுவா மீன் ஆணம், குழம்பில் நடுத்துண்டு. தனக்கு வைத்திருந்தது வால்துண்டு. மாடியேறிப் போய்க் கேட்டான்.

"அவனுக்கு எதுக்கு நடுத்துண்டு?"

"மழையில நனைஞ்சிக்கிட்டு வந்துச்சு அந்தத் தம்பி. அதுக்கென்ன இப்போ?"

ஃபாஜில் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஷமீராவுக்குச் சோறு பிசைய ஆரம்பித்தாள். கீழே இறங்கும்போது அவனுக்குள் வேறொரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காக அவனே வெட்கப்பட்டான். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு காலை. குணசேகரன் வருவதற்கு முன்பே ஃபாஜில் கடையைத் திறந்து தட்டை இழுத்துப் பார்த்தான். துணி காய்ந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. குணசேகரன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அதை அவன் முன்னால் போட்டான்.

"நேத்து இத நனச்சியா?"

"நீங்களும்தான பக்கத்துல நின்னீங்க பாய். சொட்டச் சொட்ட நனச்சி வச்சேன்."

"நீ துணிய நனச்சத நான் பாக்கல. தட்ட வச்சதத்தான் பாத்தேன்."

"அப்ப நான் வேணும்னே காஞ்ச துணிய வச்சிட்டுப் போனேங்கிறீங்க?"

"சாவி எங்கிட்ட இருக்கு. நான் வந்து புழிஞ்சி வச்சேனா? ஜின்னு வந்து புழிஞ்சிச்சா? வைரக்கண்ணு எவ்ளோ தர்றேன்னாரு, சொல்லு."

குணசேகரனின் முகம் கருத்தது. கையுறையை மாட்டுவதற்காக எடுத்திருந்தான். அதை மேசைமேல் வைத்தான்.

"துணி காஞ்சா ஹெட்டு அடைக்கும்னு தெரிஞ்சே நான் அதக் காயப் போடுவேனா பாய்? காலையில சிரிஞ்சியத் தூக்கிக்கிட்டு உசுரக் குடுத்து அதத் தொறக்குறவன் நானு."

"கெளம்பு."

மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டிருந்த நஃபீசா எல்லாவற்றையும் கேட்டாள். துணி காய்ந்தால் ஹெட்டு அடைக்கும் என்பது அன்றுதான் அவள் காதில் விழுந்தது. இறங்கிவராமல் திரும்பி மாடிக்கே ஏறிப் போனாள்.

குணசேகரன் போனபிறகு ஃபாஜிலே மெஷினை ஓட்டினான். பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தது கைகொடுத்தது. ஆச்சரியம்போல ஹெட்டுகள் அடைக்கவே இல்லை. கருப்பு கருப்பாக வந்தது. நீலம் நீலமாக வந்தது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது சத்தமாகவே சொன்னான்: "பாத்தீங்களா? ஆளு போனான், கோடும் போச்சு." அந்தப் பேச்சு அன்றே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சம்பாவுக்கு இரண்டாம் உரம் போட்ட சமயம். குணசேகரனின் தாய் ஆனந்தவல்லி வரப்புச் சேறு கழுவிய காலோடு கடைக்கு வந்து நின்றாள்.

"பாய், எம்மவன் உங்க கடையில என்னத்தத் திருடுனான்?"

"திருடுனான்னு நான் சொல்லலம்மா."

"வேற என்ன சொன்னீங்க? வைரக்கண்ணு கடைக்கு வேல கேட்டுப் போயிருக்கான். 'சோறு போட்ட எடத்துலயே மெஷினக் கெடுத்தவன், எங்கடைக்கு வேணாம்'னு சொல்லிட்டாரு. மாயவரத்துலயும் அதே பேச்சு. தெருவுல போறவன் வர்றவனெல்லாம் இவன் கையத்தான் பாக்குறான். நீங்க கூட்டிக்கிட்டுப் போனப்ப எங்கிட்ட கேட்டுத்தான கூட்டிக்கிட்டுப் போனீங்க? வெரட்டுனப்ப ஒரு வார்த்த வந்து சொன்னீங்களா?"

"அவன் போனப்புறம் மெஷினு ஒழுங்கா ஓடுதும்மா. நான் என்ன செய்யட்டும்?"

ஆனந்தவல்லி மெஷினை ஏறிட்டுப் பார்த்தாள். அது டக்டக்கென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஒரு மாப்பிள்ளையின் முகத்தை வரைந்துகொண்டிருந்தது. கோடு இல்லாத முகம்.

நஃபீசா மாடியிலிருந்து இறங்கிவந்து டீயை நீட்டினாள். "உக்காருங்கம்மா, குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம்மா. நீ நல்லாருக்கணும். எம்மவன் ஒன் கையால சாப்புட்டத வீட்ல வந்து சொல்லாத நாளில்ல. அக்கா மீன் வச்சாங்க, அக்கா எறா வாடா சுட்டுத் தந்தாங்கன்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். டீ நஃபீசாவின் கையிலேயே ஆறிப்போயிற்று.

மார்கழியில் பனி இறங்கியது. பகலில் அறுப்புக்கு முந்திய வெயில், மாலை மயங்கியதும் வாய்க்கால் பக்கமிருந்து சில்லென்ற காற்று. ஷமீராவுக்கு அடிக்கடி வரும் மூச்சிழுப்பு மறுபடி வந்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. ஒருநாள் இரவு இஷா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிய ஃபாஜில், துண்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினான். சாத்திய கடையின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

குணசேகரன்தான் உள்ளே புகுந்திருக்க வேண்டும். பிடித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்து பின்பக்க வாசல் வழியாகப் பூனைபோல் போனான்.

உள்ளே நஃபீசா இருந்தாள். முக்காட்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஹெட்டுக்கு அடியில் இருந்த தட்டைத் துணியோடு வெளியே இழுத்து, கொல்லைத் தாழ்வாரத்தில் காற்றாட வைப்பதற்காகக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நஃபீசா."

அவள் திரும்பினாள். பயந்த மாதிரியும் தெரியவில்லை. என்றைக்காவது வரும் என்று காத்திருந்தது வந்துவிட்ட மாதிரி இருந்தது முகம்.

"என்ன பண்ற நீ?"

"கேளுங்க" என்று அவள் மேலே கையைக் காட்டினாள். மாடியிலிருந்து குழந்தையின் இருமல் இறங்கிவந்தது. இருமிவிட்டு மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். "இந்த வாட படியேறி வந்து அவ ரூம்புலதான் தங்குது. ஒங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்? மாயவரம் டாக்டரு சொன்னதையும் சொன்னேன். 'ஒங்க நாகூர்க்காரங்களுக்கு எல்லாருக்கும் இழுப்புதான்'னு சிரிச்சீங்க."

"அதுக்கு?"

"புள்ளைக்கு முடியாத அன்னைக்கு மட்டும் எடுத்து வெளிய வப்பேன். விடியக்காலம் சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சதும் பழையபடி கொண்டாந்து வச்சிடுவேன். அதுக்குள்ள காஞ்சி போயிருக்கும். துணிதானன்னு நெனச்சேன். அதுனாலதான் மெஷினு கெடுதுன்னு எனக்கு சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சிச்சு?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தம்பிய நீங்க வெரட்டுன அன்னைக்கு."

"தெரிஞ்சப்புறம் ஏன் சொல்லல?"

"பயம். அந்த வாரமெல்லாம் நீங்க என்னப் பாத்த பார்வைக்கு, நான் வாயத் தொறந்தா நீங்க எத எதோட முடிஞ்சி போடுவீங்களோன்னு பயம். அதோட நிறுத்திட்டேன். துணியத் தொடல. அதான் மெஷினு நல்லா ஓடுச்சி. இன்னைக்கு அவ மூச்சப் பாத்துட்டு மனசு கேக்கல."

ஃபாஜில் மெஷின் மேல் கையை ஊன்றி நின்றான். கொடுவா மீன் நடுத்துண்டு அவன் நினைவுக்கு வந்தது. அதை அவள் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "ஹெட்டு பழசு, அதான் அடைச்சிச்சுன்னு சொல்லிடுவோம். அவனத் திரும்பக் கூப்புட்டு வேலையக் குடுத்துடுறேன். இது நம்மளோட போவட்டும்."

"ஹெட்டு பழசுன்னா, அந்தத் தம்பி போனப்புறம் மட்டும் எப்படி நல்லா ஓடுச்சின்னு கேப்பாங்கள்ல? டீக்கடையில நீங்க சொன்னது அப்படியே இருக்கும்ல?"

"பொண்டாட்டிதான் கெடுத்தான்னு நான் தெருவுல போயிச் சொல்லணுமா? ஊரு சிரிக்கும்."

"அந்தம்மா டீ கூடக் குடிக்கலங்க" என்றாள் நஃபீசா.

தை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நஃபீசா ஷமீராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறி வாய்க்கால் பாலத்தில் இறங்கினாள். அறுப்பு மெஷின் போன வயலில் குணசேகரன் வைக்கோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் அரிக்கும் வைக்கோல் சுணை. ஆனந்தவல்லி வரப்பில் உட்கார்ந்து பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவர் முன்னாலும் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள் நஃபீசா. அழுதுவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். அழவில்லை.

ஆனந்தவல்லி சோற்றுச்சட்டியைக் கீழே வைத்தாள். "ஒம் புள்ளைக்குச் செஞ்ச, சரி. எம் புள்ளைக்கு?" என்றாள். குரல் உயரவில்லை.

குணசேகரன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி, "சுண அடிக்குதுக்கா, புள்ளைக்கு ஆவாது. அந்தப் பக்கம் நெழலுக்குப் போயி நில்லுங்க" என்றான். அவர்கள் வேப்பமரத்தடிக்குப் போனதும் சொன்னான்.

"எங்கிட்ட வந்து சொல்றதுல என்னக்கா இருக்கு? நான் செய்யலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

நஃபீசா திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக வைரக்கண்ணுவின் கடைக்குள் போனாள். கல்யாணப் பேனர் வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வைரக்கண்ணு எழுந்து, "வாங்கம்மா, என்னம்மா நீங்க இங்க?" என்று தடுமாறினார். நஃபீசா நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அங்கிருந்து கடைத்தெரு வழியாக நடந்துபோய், டீக்கடை வாசலில் நின்று அங்கேயும் சொன்னாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பக்கிரி கையை நிறுத்திவிட்டார். இடுப்பில் இருந்த குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஃபாஜில் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. பேசவும் இல்லை. அந்த மௌனம் வாரக்கணக்கில் நீண்டது. ஆனால் மாசி முடிவதற்குள் மெஷினைப் பெயர்த்துக்கொண்டு போய் நெல் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டு பிடித்து வைத்தான். ஷமீராவுக்கு இழுப்பு அடியோடு நின்றுவிடவில்லை. குறைந்தது. குணசேகரனை வைரக்கண்ணு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மில் தவிட்டுத் தூசு ஃபாஜில் எதிர்பார்க்காதது. எத்தனை மூடி வைத்தாலும் மாவு மாதிரி வந்து படிந்தது. பங்குனியில் ஒருநாள் நான்கு ஹெட்டும் சேர்ந்து அடைத்தன. அவன் சிரிஞ்சியைப் போட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிழிந்துவிடும் என்று பயந்து நிறுத்தினான். கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வைரக்கண்ணு கடை வாசலில் சற்றுத் தள்ளி நின்று, குணசேகரன் வெளியே வரும்வரை காத்திருந்தான்.

"குணா... நான் பேசுனது தப்புதான்ப்பா. மனசுல வச்சிக்காத. ஒரு தடவ வந்து பாத்துக் குடு."

குணசேகரன் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வர்றேன் பாய்" என்றான்.

சொன்னபடி வந்தான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கையுறையை மாட்டினான். துணி, சொல்யூஷன், சிரிஞ்சி எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தான். ஃபாஜிலுக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. "நீ பாரு குணா, நான் போயி டீ வாங்கிக்கிட்டு வந்துடுறேன்" என்று வாசல் பக்கம் நகர்ந்தான்.

"இல்ல பாய், நில்லுங்க."

ஃபாஜில் நின்றான்.

"இப்பல்லாம் எங்க வேல செஞ்சாலும் இப்படித்தான். வைரக்கண்ணு கடையிலயும் அவரு பக்கத்துல இருந்தாத்தான் ஹெட்டத் தொடுவேன். கிட்ட வாங்க. நான் என்ன செய்யிறேன்னு பாத்துக்கிட்டே இருங்க."

குணசேகரன் துணியைச் சொல்யூஷனில் முக்கினான். சொட்டுவது தெரியும்படி ஃபாஜிலின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். அதற்கப்புறம்தான் கருப்பு ஹெட்டின் அடியில் கையை நுழைத்தான். ஃபாஜில் பக்கத்திலேயே நின்றான். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.